வாழ்க்கை நோக்கத்தை எழுதிவைத்த பெஞ்சமின் பிராங்கிளின்

மானுடப் பிறவி பெறுதற்கரியது என்பதை நாம் மாணாக்கர்க்கு ஓயாது கற்பிக்கின்றோம். அரிதிற் பெற்ற அப்பிறவியை எதன்பொருட்டுச் செலவிடுகின்றோம் என்பதை நாமே ஒரு தாளில் எழுதிப் பார்த்ததுண்டோ என வினவின், நம்மிற் பலர் விடை கூறமாட்டாது நிற்போம். பாடக்குறிப்பு எழுதாது வகுப்பிற் புகுதல் ஆசிரியர்க்குத் தகாது என்பது யாவர்க்கும் உடன்பாடு. முக்கால் மணி நேரப் பாடத்துக்கு வேண்டப்படுவதாகிய குறிப்பு, அறுபது எழுபது ஆண்டு நிகழும் வாழ்க்கைக்கு வேண்டா என்றல் பொருந்துமோ? இதனை ஆராய்தற்கு, 20 வயதிலே தம் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுதி, 84 வயதிற் காலஞ்சென்ற ஒருவருடைய சரித்திரம் பெரிதும் உதவும். அவர் அமெரிக்க தேசத்தவராகிய பெஞ்சமின் பிராங்கிளின் என்பவர்.

பட்டம் பறக்கவிட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்ற அளவில் இவரை நம் பிள்ளைகள் அறிவர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவருள் ஒருவர் என்பதை மேல்வகுப்பு மாணாக்கர் அறிவர். அவற்றைச் சுருக்கிக்கொண்டு, இவர் தமக்கென எழுதிய நோக்கம் யாது, அதன்வழி நின்றது எவ்வளவு, தவறியது எவ்வளவு என்பவற்றையே இங்கு விரித்துக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

பிராங்கிளின் 1706 ஆம் ஆண்டு சனவரி மாதம் 17 ஆந் திகதி பொஸ்தன் நகரிலே பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஆங்கில அரசின் கீழ்ப்பட்ட குடியேற்ற நாடுகளுள் ஒன்றாயிருந்தது. தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். அவருடைய 17 மக்களுள் இவர் 15 ஆம் பிள்ளை, ஆண்மக்களுள் இளையவர். இவர் பள்ளிக்கூடஞ் சென்றது ஏறக்குறைய இரண்டு ஆண்டு மாத்திரமே. 10 வயதில் தந்தையார் தொழிலுக்கு உதவியாக நின்றார். 12 வயதில், தமையனாருடைய அச்சுக்கூடத்திலே 21 வயது நிரம்புமட்டும் தொழில் பழகுதற்கு உடன்படிக்கை எழுதி அமர்த்தப்பட்டார்.

ஆசிரியரின்றி இவர் எழுதக் கற்ற முறை நாம் அறியத்தக்கது. இலண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்னும் பத்திரிகையின் கட்டுரையொன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பார். சில நாட் சென்றபின், நூலைப் பாராது அக்குறிப்புக்களைக்கொண்டு கட்டுரையை முழுதும் தம் சொல்லால் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் தாமே கண்டு திருத்துவார். எழுதுதல், ஒப்பிடுதல், திருத்துதல் என்னும் இம்மூன்றையும் இளமையில் வசனநடைக்குப் பயன்படுத்தியவர், பின்னர் ஒழுக்கத்துக்கும் பயன்படுத்தினார் என்பதை மேலே காண்பாம்.

16 வயதளவில் மரக்கறி உணவின் நன்மையை எடுத்துரைக்கும் நூலொன்று இவர் கைக்கு எட்டிற்று. அதனைப் படித்துப் புலாலுணவை ஒழித்தார். தம் உணவுக்குத் தமையனார் செலவிடும் பணத்திற் பாதியைத் தம் கையிற் கொடுத்தால் தாமே உணவு தேடிக்கொள்வதாகக் கூறி அவரை உடன்படுத்தி, அப்பாதியிலும் பாதியை மீத்து நூல்கள் வாங்கினார். மற்றையோர் உண்ணச் சென்ற வேளையில், சிறிது அப்பமும் உலர்ந்த முந்திரிகைப் பழமும் தண்ணீருமே உணவாகக்கொண்டு, எஞ்சிய நேரத்தைப் படிப்பிற் செலவிட்டார்.

எழுதா விரதம் கலைந்தமை

தமையனாரோடு மனவேற்றுமை மிகவே, 1723 ஆம் ஆண்டில், உடன்படிக்கைக் காலம் முடியுமுன் பிராங்கிளின் பொஸ்தனை விட்டு மறைவாகப் புறப்பட்டார். கப்பல் காற்றின்றி ஒரு தீவின் அயலிலே நின்றபோது, உடன் சென்றோர் கொட் என்னும் மீனைப் பிடித்துப் பொரித்தனர். நமக்கு யாதொரு தீங்குஞ் செய்யாத உயிரைக் கொல்லுதல் காரணமற்ற கொலையாம் என்பது அதுவரை இவர் கொண்ட கொள்கை. ஆயினும் முன்னாளில் மீனுணவில் மிக்க விருப்பமுடையவராதலின், சட்டியினின்றெழுந்த மணம் இவரைத் தடுமாறச் செய்தது. கொள்கைக்கும் ஆசைக்குமிடையே சிறிது நேரம் ஊசலாடினார். அப்பொழுது, அம்மீன்களை அறுத்தபோது அவற்றின் வயிற்றினின்று சிறுமீன்கள் எடுக்கப்பட்டமை நினைவிற்கு வந்தது. மீன் மீனை உண்ணுமாயின் மனிதன் மீனை உண்ணுதற்குத் தடை யாது என்று தமக்குத்தாமே நியாயம் வகுத்துக்கொண்டு, வயிறார உண்டார். பகுத்தறிவுடைய பிராணியாயிருத்தல் எத்துணை வசதியானது, தான் செய்ய விரும்பும் எதற்கும் ஒரு நியாயம் அகப்படுகின்றதே என்று முதுமையிலே தம்மைத்தாமே எள்ளி எழுதினார்.

இது நகைத்துவிட்டுச் செல்லத்தக்க கதையன்று. மனத்தில் மாத்திரம் வைத்த நோக்கம் ஆசை வந்தவிடத்து வளைந்துகொடுக்கும். வளைந்ததை நாம் அறியாதிருக்கும்பொருட்டு, ஆசையினிடம் கூலிபெற்ற நியாயதுரந்தரரைப்போல அறிவு எழுந்து நின்று வாதாடும். வழக்கு முடிந்தபின், முன்னே நாம் கொண்ட கொள்கை இதுதான் என்று எடுத்துக்காட்ட ஓர் எழுத்தும் இராது.

இலண்டனிற் பெற்ற படிப்பினை

பிலடெல்பியா நகரம் சேர்ந்து அச்சுத்தொழில் செய்த இவரை, அந்நாட்டுத் தேசாதிபதி கண்டு வியந்து, தனியே அச்சுக்கூடம் அமைத்துத் தருவதாக வாக்களித்தார். இலண்டனில் அச்சியந்திரமும் எழுத்துக்களும் வாங்குதற்குரிய நம்பிக்கைக் கடிதங்கள் கப்பலில் வருமென்றார். 1724 ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் சேர்ந்தபோது அத்தகைய கடிதம் ஒன்றேனும் இருந்திலது. 18 வயது இளைஞர் அயல்நாட்டிலே துணையின்றி நின்றார். அச்சுக்கூடங்களிற் கூலிக்கு வேலைசெய்து காலங்கழித்தார்.

பிறர் இவரை ஏமாற்றியதுபோல, இவரும் பிறர்க்குத் தவறிழைத்தார். தமையனாரின் நண்பரொருவர், தமக்கு வரவேண்டிய 35 பவுண் அளவான கடனைத் தண்டி வைத்திருக்கும்படி இவரிடம் ஒப்புவித்திருந்தார். அப்பணத்திற் பெரும்பகுதியைத் தோழரொருவர்க்குக் கொடுத்து இழந்தார். பிலடெல்பியாவிலே தம்மை மணஞ்செய்ய உடன்பட்டிருந்த டெபோரா என்னும் பெண்ணுக்கு, விரைவில் திரும்புதல் இயலாதென ஒரேயொரு கடிதம் எழுதி, அப்பால் மறந்திருந்தார். இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் மறையாது கூறி, அச்சிடுவோர் நூலின் இறுதியிற் சேர்க்கும் பிழைதிருத்தத்தின் பெயரையே இவற்றுக்கு இட்டார்.

கப்பலில் எழுதிய திட்டம்

1726 ஆம் ஆண்டு யூலை மாதம் 23 ஆந் திகதி இலண்டனினின்றும் புறப்பட்டு, ஒக்டோபர் 11 ஆந் திகதி பிலடெல்பியாவில் இறங்கினார். ஏறக்குறைய 11 வாரம் நீடித்த இக்கடற்பிரயாணத்திலேதான், தம் வருங்காலத்துக்குரிய திட்டமொன்றை இவர் எழுதினார். செய்யுள் இயற்றுவோன் முதலில் அதன் அமைப்பை வகுத்துக்கொள்ளாவிடின் செய்யுள் சிதையும்; வாழ்க்கையும் அத்தகையதே; தாம் அதுவரை திட்டமின்றி வாழ்ந்தமையின் தம் வாழ்க்கை தொடர்பற்ற துண்டுகளாகிவிட்டது என்பது இவர் கூறிய முகவுரை. அதன்பின் நான்கு பொருத்தனைகள்.

முதலாவது, பட்ட கடன் தீருமட்டும் மிக்க சிக்கனமாக வாழ்தல். இரண்டாவது, எவ்விடத்தும் உண்மையே பேசி, நிறைவேறாத நம்பிக்கையை ஒருவர்க்கும் ஊட்டாதிருத்தல். மூன்றாவது, மேற்கொண்ட தொழிலில் ஊக்கமாக நின்று, விரைவிற் செல்வராகும் பேதைமையான எண்ணங்களால் மனஞ்சிதறாதிருத்தல். நான்காவது, ஒருவரையும் பழித்துப் பேசாது, அவரிடத்துத் தாம் அறிந்த நன்மையையே எடுத்துரைத்தல்.

இவை நீதிநூலொன்றைத் திறந்து பார்த்து எழுதியவைபோலத் தோன்றலாம். ஆயின் இவருடைய சரித்திரத்தோடு பொருத்திப் பார்ப்பின் வேறுண்மை புலப்படும். கடனைப்பற்றி எழுதியவர் பிறருடைய பணத்தை இழந்துவிட்டு நின்றவர். பொய்ந்நம்பிக்கை ஊட்டலாகாதென்று எழுதியவர் தேசாதிபதியின் பொய் வாக்கால் துன்புற்றவர்; ஒரு பெண்ணைத் தாமே துன்புறுத்தியவர். பிறர் சொல்லிய பெருமைகளையன்றித் தம் பிழைகளையே இவர் நோக்கமாக மாற்றி எழுதினார் என்று கொள்ளுதல் தகும். அதனாலேதான் அந்நோக்கம் இவரைப் பற்றி நின்றது. பின்னர் அக்கடனை வட்டியோடு தீர்த்தார். 1730 ஆம் ஆண்டில் டெபோராவை மனைவியாக ஏற்றார். இளமையில் எழுதிய அத்திட்டத்தை முதுமைவரையும் பெரும்பாலும் கைக்கொண்டதாக இவரே கூறியுள்ளார்.

பதின்மூன்று குணங்களும் ஒரு சிறு புத்தகமும்

பிலடெல்பியாவில் நிலைபெற்ற பின்னர் இவர் அத்திட்டத்தை விரித்தார். தாம் பெறவேண்டிய குணங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றன் கீழும் அதன் பொருளை ஒரு சிறு வாக்கியத்தில் எழுதினார். அவை உண்டி அடக்கம், மௌனம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், முயற்சி, வாய்மை, நீதி, அளவறிதல், தூய்மை, அமைதி, இந்திரிய அடக்கம், பணிவு என்னும் 13 ஆம். முதலில் எழுதியவை 12 மாத்திரமே. இவரை அகந்தையுடையவரெனப் பலர் கருதுவதாக நண்பரொருவர் எடுத்துக்காட்டவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். தன் குறையைத் தானே முற்றக் காணுதல் அரிதென்பதும், நல்ல நண்பனுடைய சொல் அவ்விடத்து உதவுமென்பதும் இதனால் அறியப்படும்.

எழுதியதோடு இவர் அமையவில்லை. சிறு புத்தகமொன்றில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையாற் கோடிட்டு, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு நிரல்களும், 13 குணங்களுக்கும் 13 வரிசைகளும் அமைத்தார். நாம் வகுப்பிற் கைக்கொள்ளும் வரவு இடாப்பைப் போன்றதே அது. நாடோறும் மாலையிலே தம் செய்கைகளை ஆராய்ந்து, தவறு நிகழ்ந்த குணத்துக்கு நேரே ஒரு கரும்புள்ளி இடுவார். ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தையே சிறப்பாகக் காத்துக்கொள்வார். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும்; ஓராண்டில் நான்கு சுற்று நிறைவேறும். தோட்டத்துக் களை முழுவதையும் ஒருநாளிற் பிடுங்க முயலாது, பாத்தி பாத்தியாகக் களையெடுப்பவனைப் போலத் தாம் முயன்றதாக இவர் உவமை கூறினார்.

காலையில் 5 மணிக்கெழுந்து, அன்று தாம் செய்யத்தக்க நன்மை யாது எனத் தம்மை வினவுவார். மாலையில், அன்று செய்த நன்மை யாது என மீண்டும் வினவுவார். பழைய புள்ளிகளைச் சுரண்டிப் புதிய புள்ளிகளை இட்டதனால், நாளடைவில் அப்புத்தகத்தின் தாள்கள் துளைபட்டன. அதன்பின் யானைத் தந்தத்தாலான ஏடுகளிற் கோடிட்டு, பென்சிலாற் குறித்து, ஈரமான கடற்பஞ்சினால் துடைத்துப் பயன்படுத்தினார்.

பலன் யாது? தாம் நினைத்திருந்ததிலும் மிகுதியான குற்றங்கள் தம்மிடத்து இருத்தலைக் கண்டு வியந்தார். ஒழுங்கு என்னும் குணம் இவர்க்கு இறுதிவரை கைவரவில்லை. அதனைக் கூறுமிடத்து ஒரு கதை சொல்வார். கோடரியொன்று வாங்கிய ஒருவன், அதன் வாயைப்போலவே உடல் முழுவதும் பளபளப்பாக வேண்டுமென்று கேட்டான். சாணைச் சக்கரத்தைச் சுற்றுவாயாயின் தீட்டித் தருவேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் களைத்த அவன், புள்ளியுள்ள கோடரியே தனக்கு மிக விருப்பமென்று கூறி எடுத்துச் சென்றான். நோக்கத்தைக் கைவிடுபவன் தன் களைப்பை விருப்பமென்று பெயரிட்டு அழைப்பான் என்பது கருத்து. 1784 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தின் அயலிலிருந்து சுயசரிதையின் இப்பகுதியை எழுதியபோது, தாம் கருதிய நிறைவைச் சிறிதும் அடைந்திலராயினும், அம்முயற்சியினாலே முன்னினும் நல்லவராகவும் இன்பமுடையவராகவும் ஆனதாகக் குறித்தார்.

நோக்கம் பொதுநலமாக விரிந்தமை

தம்மைத் திருத்துதற்கு எழுதிய நோக்கம் காலப்போக்கிற் பிறர்க்குப் பயன்படுதலாக விரிந்தது. 1727 ஆம் ஆண்டில் இளந்தொழிலாளர் சிலரைச் சேர்த்து, வெள்ளிக்கிழமைதோறும் மாலையிற் கூடி ஆராயும் கழகமொன்றை அமைத்தார். 1731 ஆம் ஆண்டில், முதலில் 40 சிலிங்கும் பின்னர் ஆண்டுதோறும் 10 சிலிங்கும் கொடுக்க இசைந்த 50 பேரைச் சேர்த்து நூல்நிலையமொன்றைத் தொடங்கினார். 1748 ஆம் ஆண்டில், 42 வயதிலே, அச்சுத்தொழிலைப் பங்காளியிடம் ஒப்புவித்து, பொருளீட்டலினின்றும் விலகினார். செல்வராக இறந்தாரென்பதினும் பயன்பட வாழ்ந்தாரென்று சொல்லப்படுதலே தமக்கு விருப்பமென 1750 ஆம் ஆண்டில் தாயார்க்கு எழுதினார். அடுத்த ஆண்டில், இவருடைய முயற்சியால் எழுந்த கல்விச்சாலை திறக்கப்பட்டது. அதுவே இன்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. தாம் அமைத்த புதுவகை அடுப்புக்குத் தனியுரிமை பெறும்படி தேசாதிபதி கூறியபோது மறுத்தார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயனடைகின்றோமாதலின், நாம் கண்டவற்றையும் பிறர்க்கு மனமுவந்து அளித்தல் வேண்டும் என்பது இவருடைய கொள்கை.

எழுதப்படாத வரி

இதுகாறும் கூறியவற்றால் பிராங்கிளினை ஆதர்ச புருடராகக் கொண்டு சரித்திரத்தை முடித்தல் எளிது. ஆயின் அவ்வாறு முடித்தல் அவருடைய இடாப்பையே நாம் மறைத்ததாகும்.

பதின்மூன்று குணங்களுள் எட்டாவது நீதி. ஒருவர்க்கும் தீங்கு செய்யாமையும், செய்யவேண்டிய நன்மையைச் செய்யாது விடாமையும் அதன் பொருளாக எழுதப்பட்டன. எனினும் அதனை எழுதியவருடைய வீட்டிலே ஆபிரிக்க அடிமைகள் பல ஆண்டுகள் ஏவல் செய்தனர். அடிமைகளை விற்பதாகக் கூறும் விளம்பரங்கள் இவர் நடத்திய பத்திரிகையில் வெளிவந்தன. மாலைதோறும் தம்மை ஆராய்ந்தவருடைய கண்ணுக்கு இஃது ஒரு புள்ளியாகத் தோன்றவில்லை. ஊரார் யாவரும் செய்வதொன்று குற்றமாகத் தோன்றுதல் அரிது. எழுதிய நோக்கம் எழுதியவற்றையே காட்டும்; வழக்கம் மறைத்த ஒன்றுக்கு இடாப்பில் வரிசையே இராது.

மனைவியாரைக் குறித்தும் இவ்வாறே கூறல் வேண்டும். அரசியற் பணியின்பொருட்டு 1764 ஆம் ஆண்டில் இலண்டன் சென்றவர், 1774 ஆம் ஆண்டு டிசம்பரில் டெபோரா இறக்குமட்டும் திரும்பவில்லை. பத்து ஆண்டு காத்திருந்த மனைவியார் கணவரைக் காணாமலே கண்மூடினார்.

அடிமைகளைப்பற்றிய இவருடைய கண்ணைத் திறந்தவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம் என்பது ஆசிரியராகிய நாம் ஊன்றி நினைக்கத்தக்கது. 1758 ஆம் ஆண்டில், இவருடைய யோசனைப்படி, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பிலடெல்பியாவில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. 1763 ஆம் ஆண்டிலே அங்குச் சென்று பிள்ளைகளைச் சோதித்தார். விளங்கிக்கொள்ளுதல், நினைவில் வைத்தல், கற்பித்தற்கு இணங்குதல் ஆகிய எல்லாவற்றிலும் அவர்கள் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒப்பானவர்கள் எனக் கண்டார். தாம் முன்னர்க் கொண்டிருந்த கருத்து மாறியதென வெளிப்படையாக எழுதினார். எனினும் கருத்து மாறியபின் செய்கை மாறுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1787 ஆம் ஆண்டில், 81 வயதிலே, அடிமைத்தனத்தை ஒழித்தற்கு முயலும் பென்சில்வேனியாச் சங்கத்துக்கு அக்கிராசனரானார். தமக்குத் தரவேண்டிய கடனை மருமகனார்க்கு விடுத்து, அதற்கு ஈடாக அவர் தம் அடிமையை விடுதலை செய்தல் வேண்டுமென மரண சாசனத்தில் எழுதினார். 1790 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3 ஆந் திகதி, அடிமைகளுக்கு விடுதலை அளிக்க முயலுமாறு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். அடிமைகளின் விடுதலையில் தலையிடத் தமக்கு அதிகாரமில்லையென அச்சபையார் அதனை ஒதுக்கினர். நோயாளியாய்ப் படுக்கையிற் கிடந்த இவரோ, அடிமைத்தனத்துக்காக வாதாடுவோரை நகைத்து மார்ச்சு மாதம் 23 ஆந் திகதி கட்டுரையொன்றை எழுதினார். அதன்பின் 25 நாளில், ஏப்பிரில் 17 ஆந் திகதி, தேகவியோகமானார்.

ஆசிரியர் கொள்ளத்தக்கவை

அன்பர்காள்! 20 வயதில் எழுதத் தொடங்கியவர்க்கு ஒரு பெருங்குற்றம் புலப்பட்டு, அதனை ஒழிக்கும் பணியிலே கைவைத்தற்கு 81 வயதாயிற்று. ஆதலின் எழுதிப் பயனென்ன என்று சிலர் வினவலாம். எழுதியும் ஆராய்ந்தும் வந்தவர்க்கே இத்துணைக் காலஞ் சென்றதாயின், எழுதாதார் கதி யாதாகும் என்பதே நம் விடை. நாள்தோறும் தம்மைத் திருத்திப் பழகிய கையாதலினாலன்றோ, முதுமையிலும் தம் பிழையைத் திருத்த அது கூசவில்லை?

நாமும் ஒரு தாள் எடுத்து எழுதுவோமாக. பெரியோருடைய சொல்லைப் பெயர்த்தெழுதாது, நாம் உண்மையிலே தவறிய இடங்களை நினைந்து, மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதுதல் போதும். நம்மை நன்கறிந்த நண்பரொருவர்க்கு அதனைக் காட்டி, விடுபட்டது யாது எனக் கேட்டல் நன்று. மாலையில் இடாப்பை மூடும்போது அத்தாளையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை, யாவருஞ் செய்கின்றார்கள் என்பதனால் நாம் எழுதாது விட்டது யாது என்று வினவுதல் அவற்றினும் இன்றியமையாதது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், நம் யாழ்ப்பாணத்திலே ஒரே வகுப்பிற் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் வெறுநிலத்திலும் இருத்தப்பட்டனர். சமாசனம் வேண்டுமென்றபோது எதிர்த்தோருள்ளும் நீதியைக் குறித்துப் பாடஞ்சொன்னோர் இருந்திருப்பர். அவர்களுடைய ஏட்டிலும் அந்த வரி எழுதப்பட்டிருந்திலது.

நம்முடைய ஏட்டில் இன்று எழுதப்படாத வரி யாதென்பதை, நம் முன்னிருக்கும் பிள்ளைகளின் முகத்தை உற்றுநோக்கின் ஒருகால் அறியலாம். அதனை 81 வயதுவரை தாழ்க்காது, இவ்வாண்டிலேயே எழுதிச் சேர்ப்போமாக.